சோலார் குழாயில் காற்று துப்புகிறதா? அது நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரில் தனி வீடுகளின் மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்ததும் புஸ் புஸ்ஸென்று காற்று துப்புவதும், தண்ணீர் நூலாக இளைத்துப் பிறகு திடீரென்று கொட்டுவதும் அதே அளவுக்கு வழக்கம். "அண்ணே, சோலார்ல காத்து வருது" என்று பிளம்பரைக் கூப்பிட்டால், ஷவர் வாயை உள்ளங்கையால் அடைத்து, மிக்சரின் (சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குளியலறைக் குழாய்) இரண்டு பக்கத்தையும் திறந்து, காற்றைப் பின்னால் தள்ளிவிட்டுப் போவார். இரண்டு நாளில் மறுபடி அதே தொல்லை. அடுத்த முறை பெரிய பம்பு போடச் சொல்வார். பெரிய பம்பு போட்ட வீடுகளில் காற்று இன்னும் அதிகமாகத்தான் வரும்.

உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவது ஒரு வேலை. அது எந்த வழியாக வந்தது என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை எத்தனை முறை செய்தாலும் பயனில்லை. சோலார் குழாயில் வரும் காற்று மூன்று விதம். ஒன்று, வெளியிலிருந்து இழுக்கப்படுவது. இரண்டு, குழாயின் மேடான இடத்தில் தங்கிவிடுவது. மூன்று, தண்ணீர் சூடாகும்போது அதிலிருந்தே பிரிவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இங்கே சொல்வதெல்லாம் வென்ட் பைப் (காற்றும் ஆவியும் போக டேங்கின்மேல் நிற்கும் வாய் திறந்த குழாய்) வைத்த, சாதாரண ஈர்ப்பு விசையில் ஓடும் அமைப்புக்கு மட்டுமே. வென்ட் இல்லாமல், அழுத்தம் கூடினால் தானே திறக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வ் வைத்த பிரஷர் டேங்குக்கு இது பொருந்தாது.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது

ஓவர்ஹெட் டேங்கிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒரு குழாயில் இறங்கி, சோலார் டேங்கின் அடிப்பக்கம் நுழைகிறது. சுடுதண்ணீர் டேங்கின் உச்சியிலிருந்து, அல்லது உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து, வெளியேறுகிறது. உச்சியிலிருந்தே ஒரு வென்ட் பைப் நேராக மேலே ஏறி, ஓவர்ஹெட் டேங்கின் நீர்மட்டத்தையும் தாண்டித் திறந்த வாயோடு நிற்கிறது. குழாய் எதுவும் திறக்காத நேரத்தில் வென்ட்டுக்குள் தண்ணீர் ஓவர்ஹெட் டேங்கின் மட்டத்துக்கே நிற்கும். உள்ளே இருப்பது சுடுதண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும், ஏனென்றால் சூடான தண்ணீர் எடை குறைவு. 80 டிகிரியில் 2 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. கூடும்.

குழாயைத் திறந்ததும் சோலார் டேங்கிலிருந்து போகும் தண்ணீருக்கு ஈடாக ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வந்தாக வேண்டும். வரும் குழாயில் உராய்வு இருப்பதால் வென்ட்டில் நிற்கும் மட்டம் இறங்கும். கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. சுடுதண்ணீர் வெளியேறும் வாய் வரைக்கும் இறங்கிவிட்டால், அந்த நொடியிலிருந்து வென்ட் வழியாகக் காற்று உள்ளே போகிறது. முக்கால் அங்குல வென்ட் பைப்பின் ஒரு மீட்டரில் கால் லிட்டரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு லிட்டர் வரை தண்ணீர்தான் இருக்கும். அது காலியாக ஓரிரண்டு நொடி போதும். சோலாரிலிருந்து வரும் சுடுதண்ணீர்க் குழாயில் பம்பு வைத்த வீடுகளில் காற்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: வருகிற தண்ணீரைவிட இழுக்கிற தண்ணீர் அதிகம். பம்பில் கோளாறு எதுவும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, குறைவது வரத்து.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

காலையில் முதல் தடவை திறக்கும்போது மட்டும் சில நொடி துப்பிவிட்டு, பிறகு நாள் முழுவதும் ஒழுங்காக வந்தால், அது இரவில் மேட்டில் சேர்ந்த காற்று. திறந்ததும் நன்றாக வந்து, அரை நிமிடம் கழித்தோ, இன்னொரு குளியலறையில் திறந்த பிறகோ துப்ப ஆரம்பித்தால் வரத்து போதவில்லை. பம்பு ஓடும்போது மட்டும் துப்பி, பம்பை நிறுத்தினால் மெலிதாக ஆனால் சீராக வந்தால், அதுவும் வரத்துக் குறைவாக இருக்கலாம். இல்லையென்றால் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் ஓட்டை. யாராவது ஃப்ளஷ் அழுத்தும்போது துப்பினால், சோலாருக்குப் போகும் குழாயிலிருந்தே வேறு எதற்கோ கிளை எடுத்திருக்கிறார்கள். காவேரித் தண்ணீர் வராமல் ஓவர்ஹெட் டேங்க் காலியான மறுநாள் ஆரம்பித்த தொல்லை என்றால், இறங்கு குழாயில் ஏர் லாக் (காற்று மாட்டித் தண்ணீரின் வழியை அடைப்பது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏப்ரல், மே மாத மதியத்தில் மட்டும் வந்தால் அது காற்றே இல்லை, நீராவி.

தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசைமேல் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் உள்ளே இருப்பது நுண்ணிய காற்றுக் குமிழிகள், பம்பு காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்துக் கலக்கியிருக்கிறது. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது உப்போ வண்டலோ. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

மட்டக்குழாய்ச் சோதனை

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப்தான் இந்த வேலைக்கு மிகச் சிறந்த கருவி. பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டில் எந்த ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். 6 மீட்டர் டியூப், ஒரு ஹோஸ் கிளிப், கொஞ்சம் கட்டுக்கம்பி, ஒரு மார்க்கர் பேனா, கூட ஓர் ஆள். இவ்வளவு போதும்.

விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். சோலார் டேங்குக்குள் இருக்கும் மின்சார பேக்கப் ஹீட்டரின் எம்.சி.பி.யை (மின்பெட்டியில் இருக்கும் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து முதலில் ஒரு பக்கெட் தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் செங்காவி நிறத்தில் உப்புத் துகளோடு வரும், அது தெளியட்டும். வரும் தண்ணீர் சூடாக இருந்தால் கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், டியூபும் சூட்டில் இளகும். பிறகு டியூபின் ஒரு முனையை டிரெயின் வாயில் செருகி ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். மறு முனையை வென்ட் பைப் ஓரமாக மேலே கொண்டுபோய், வென்ட் வாய்க்கு நிகரான உயரத்தில் கட்டுங்கள். முனை திறந்தே இருக்க வேண்டும். டிரெயின் வால்வை மெதுவாகத் திறந்தால் டியூபில் தண்ணீர் ஏறி, வென்ட்டுக்குள் இருக்கும் அதே மட்டத்தில் நிற்கும். நடுவே குமிழி மாட்டியிருந்தால் டியூபைச் சுண்டி ஏற்றிவிடுங்கள், குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

இப்போது வென்ட் பைப்மேல் மார்க்கரால் இரண்டு கோடு. டியூபில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒன்று, இது நிலை மட்டம். சுடுதண்ணீர் வெளியேறும் வாயின் உயரத்துக்கு நேராக மற்றொன்று, இது ஆபத்துக் கோடு. இரண்டுக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓவர்ஹெட் டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு அளவும் கால்வாசி இருக்கும்போது வேறு அளவும் கிடைக்கும். இரண்டாவதுதான் உங்கள் உண்மையான கையிருப்பு.

கூட இருப்பவரைக் கீழே ஒரு சுடுதண்ணீர்க் குழாயை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். டியூபில் மட்டம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். எவ்வளவு இறங்கியது என்று அளந்துகொண்டு, இரண்டாவது குழாயையும் திறக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். மூன்று மடங்கு ஓட்டத்துக்கு ஏழரை மடங்கு. ஒரு குழாய்க்கு 25 செ.மீ. இறங்கினால், அதே அளவு ஓட்டமுள்ள இரண்டாவது குழாயும் சேரும்போது 90 செ.மீ. பக்கம், மூன்றாவதும் சேர்ந்தால் 190 செ.மீ. உங்கள் கையிருப்பு 120 செ.மீ. என்றால் இரண்டு குழாய் வரைக்கும் அமைதியாக ஓடி, மூன்றாவது திறந்ததும் துப்ப ஆரம்பிக்கும். "ஒருத்தர் குளித்தால் ஒன்றுமில்லை, விருந்தாளி வந்தால்தான் தொல்லை" என்று சொல்லும் வீடுகளில் நடப்பது இதுதான்.

டியூப் காட்டும் மற்ற சேதிகளும் உண்டு. குழாயை மூடிய சில நொடியில் மட்டம் பழைய இடத்துக்கு ஏறிவிட்டால் வரத்துக் குழாய் அடைபடவில்லை, அளவுதான் போதவில்லை. மூடிய பிறகும் நிமிடக்கணக்கில் ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் அடைப்பு, அல்லது பாதி மூடிய வால்வ், அல்லது ஏர் லாக். சுடுதண்ணீரை யாரும் தொடாதபோதே மட்டம் மேலும் கீழும் ஆடினால் வரத்துக் குழாயில் வேறு கிளை இருக்கிறது. மட்டம் ஆபத்துக் கோட்டுக்கு வெகு மேலே அசையாமல் நின்றும் கீழே துப்பினால், காற்று நுழைவது டேங்குக்கு அப்பால், சுடுதண்ணீர்ப் பக்கத்தில்.

டிரெயின் வால்வ் இல்லாத டேங்க் என்றால் ஓர் ஊதுபத்தி போதும். ஏணியில் ஏறி வென்ட் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கீழே குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் சில நொடி புகை மெல்ல உள்ளே சாயும், அது மட்டம் இறங்குவதால். அதற்குப் பிறகும் நிற்காமல் வாய்க்குள் புகை போய்க்கொண்டே இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது, ஆவி அடிக்கும். வெயில் ஏறிய பிறகு இந்தச் சோதனையே வேண்டாம்.

வரத்து ஏன் குறைகிறது

சோதனை வரத்தைக் காட்டிக்கொடுத்தால், ஓவர்ஹெட் டேங்கிலிருந்து சோலார் டேங்க் வரை குழாயை விரலால் தொட்டபடி நடந்து பாருங்கள். குற்றவாளி அந்தச் சில மீட்டருக்குள்தான் இருக்கும்.

முதலில் குழாயின் அளவு. முக்கால் அங்குல சி.பி.வி.சி. (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாயின் உள்விட்டம் 18 மி.மீ. மட்டுமே. அதில் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் 10 மீட்டர் நீளத்துக்கு 1.1 மீட்டர் அழுத்தம் உராய்விலேயே போய்விடும். ஒரு அங்குலக் குழாயில் அதே ஓட்டத்துக்கு 0.3 மீட்டர்தான். ஓவர்ஹெட் டேங்க் சோலாரைவிட ஒரு மீட்டர் மட்டுமே உயரமாக இருக்கும் வீட்டில் முக்கால் அங்குலக் குழாயால் 20 லிட்டர் தரவே முடியாது. ஒவ்வொரு எல்போவும் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) அரை மீட்டருக்கு மேற்பட்ட நேர்க்குழாய்க்குச் சமம். எட்டு எல்போ போட்டு வளைத்துக் கொண்டுபோயிருந்தால் குழாயின் நீளம் காகிதத்தில் 10 மீட்டர், தண்ணீருக்கு 15 மீட்டர். வரத்துக் குழாய் எப்போதும் சுடுதண்ணீர்க் குழாயைவிட ஓர் அளவு பெரியதாக இருக்க வேண்டும். சுடுதண்ணீர் முக்கால் என்றால் வரத்து ஒன்று. பம்பு இருந்தால் ஒன்றேகால் போட்டாலும் தப்பில்லை.

அடுத்து என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வ். ஓவர்ஹெட் டேங்க் காலியானால் சோலார் தண்ணீர் பின்னால் ஓடிவிடாமல் இருக்க இது அவசியம். ஆனால் கடையில் எளிதில் கிடைக்கும் ஸ்பிரிங் வைத்த வகை, திறப்பதற்கே ஓரளவு அழுத்தம் கேட்கும். 0.03 பார் என்றால் சிறிய எண்ணாகத் தெரியும், நீர்மட்டக் கணக்கில் அது 30 செ.மீ. மொத்தக் கையிருப்பே 100 செ.மீ. இருக்கும் இடத்தில் இது பெரிய இழப்பு. உள்ளே கதவு மாதிரி ஆடும் ஃபிளாப் வகையை, கிடைமட்டமாக ஓடும் குழாயில், மூடி மேலே பார்க்கும்படி மாட்டுங்கள். கீழ்நோக்கி ஓடும் குழாயில் மாட்டினால் ஃபிளாப் திறந்தே தொங்கும், தண்ணீர் பின்னால் போவதைத் தடுக்காது.

கேட் வால்வை நம்பாதீர்கள். போர் தண்ணீரில் சில வருடம் ஓடியதும் உப்புப் படிந்து உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று விழுந்துவிடும். கைப்பிடி முழுதாகத் திறந்திருப்பதாகத் தோன்றும், தகடு பாதி வழியை மறித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து தெரியாது. முழுத் துளை பால் வால்வாக (உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் வகை) மாற்றிவிடுவது நல்லது. பால் வால்விலும் உட்துளை சுருங்கிய வகை உண்டு, வாங்கும்போது உள்ளே பார்த்து வாங்க வேண்டும்.

பொதுக் கிளை மிகப் பரவலான தவறு. ஓவர்ஹெட் டேங்கின் ஒரே வாயிலிருந்து குளியலறைப் பச்சைத் தண்ணீர், ஃப்ளஷ், சோலார் மூன்றையும் எடுத்திருப்பார்கள். ஃப்ளஷ் நிரம்பும் நேரத்தில் சோலாருக்குப் பங்கு கிடைக்காது. சோலாருக்கு டேங்கில் தனித் துளை போட்டு, தனிக் குழாய் இழுக்க வேண்டும். வழியில் எதுவும் கிளை எடுக்கக் கூடாது. அந்தத் துளை டேங்கின் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில் இருந்தால் வண்டல் வராது. டேங்கில் தண்ணீர் அந்தத் துளைக்குச் சில அங்குலம் மேலே வரை குறைந்துவிட்டால், சுழல் விழுந்து காற்று இந்தப் பக்கத்திலிருந்தும் போகும். டேங்கர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாள்களில் இதைப் பார்க்கலாம்.

கடைசியாக, மேடு. வரத்துக் குழாய் எங்கேயாவது ஏறி இறங்கினால் டேங்க் ஒரு தடவை காலியானதும் அந்த மேட்டில் காற்று மாட்டிக்கொள்ளும். 2024 கோடையில் பல நாள் டேங்க் காலியாகக் கிடந்த வீடுகளில் இது மிகச் சாதாரணம். சோலார் டேங்க் பக்கத்து யூனியனை (குழாயைக் கழற்றி மாட்ட உதவும் திருகு இணைப்பு) அரைச் சுற்று தளர்த்தினால் முதலில் காற்று சீறும், பிறகு தண்ணீர் கசியும். உடனே இறுக்கிவிடுங்கள். யூனியனுக்கும் டேங்குக்கும் நடுவே வால்வ் இல்லையென்றால் முழுதாகக் கழற்றாதீர்கள். 200 லிட்டர் சுடுதண்ணீரும் உங்கள்மேல் வந்து விழும்.

வால்வ் இருந்தால் ஒரு நேரடி அளவும் எடுக்கலாம். யூனியனைக் கழற்றி ஓவர்ஹெட் பக்க முனையில் ஹோஸ் மாட்டுங்கள். ஹோஸ் குழாயைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. அதன் வாயைச் சுடுதண்ணீர் வெளியேறும் உயரத்தில் பிடித்தபடி 20 லிட்டர் பக்கெட்டை நிரப்புங்கள். தரையில் பிடித்து அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் வரத்து நிமிடத்துக்கு 20 லிட்டர், காற்று இழுக்காமல் நீங்கள் எடுக்கக்கூடிய உச்ச அளவு அது. சாதாரண ஷவர் 8 முதல் 10 லிட்டர், அகல மழை ஷவர் 12 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

பம்பு வைத்த வீடுகள்

அரை எச்.பி. பிரஷர் பம்பின் பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 30 லிட்டர், அதற்கு மேலும் போட்டிருக்கும். வரத்து 13 லிட்டர் என்றால் மீதியை அது வென்ட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. பம்பின் வெளியேற்றுப் பக்கத்தில் உள்ள பால் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். மட்டக்குழாயில் தண்ணீர் ஆபத்துக் கோட்டுக்கு 15 செ.மீ. மேலே நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். உறிஞ்சு பக்க வால்வை ஒருபோதும் மூடிக் கட்டுப்படுத்தக் கூடாது, அங்கே வெற்றிடம் கூடி இன்னும் மோசமாகும்.

வென்ட் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பாருங்கள். டேங்கில் வென்ட்டுக்குத் தனி வாய் இருந்தால் நல்லது. பல வீடுகளில் சுடுதண்ணீர்க் குழாயிலேயே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு வென்ட்டை எடுத்திருப்பார்கள். பம்பு அந்த டீ வழியாக வேகமாக இழுக்கும்போது, டேங்கில் மட்டம் நன்றாக இருந்தும் வென்ட்டில் மட்டம் இறங்கிவிடும். மட்டக்குழாய் நலமென்று சொல்ல ஊதுபத்திப் புகை உள்ளே போனால் இதுதான் காரணம். வென்ட்டைத் தனி வாய்க்கு மாற்றுவதே தீர்வு.

புகையும் போகவில்லை, மட்டமும் இறங்கவில்லை என்றால் உறிஞ்சு பக்க இணைப்புகள். வெற்றிடத்தில் இருக்கும் இணைப்பு தண்ணீரைக் கசியவிடாது, காற்றை இழுக்கும். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் ஷேவிங் நுரையைத் தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே குழிந்து போகும். இன்னொரு தடயம், பம்பு நின்ற பிறகு இணைப்பில் துளிர்க்கும் ஒரு சொட்டு, அது காய்ந்து விட்டுப்போன வெள்ளை உப்புக் கறை. பிளாஸ்டிக் திருகில் டெஃப்ளான் டேப் சுற்றிய இணைப்புகள் தினமும் சூடாகி ஆறி ஆறித் தளர்ந்துவிடும். அந்த இடங்களில் பித்தளைத் திருகு பதித்த சி.பி.வி.சி. அடாப்டர் போடுங்கள். பம்பின் தண்டு சீல் போயிருந்தாலும் காற்று இழுக்கும், அடியில் ஈரத் தடம் இருக்கும். சாதாரண பம்புகளின் சீல் சுடுதண்ணீருக்குத் தாங்காது, பெயர்ப்பலகையில் எத்தனை டிகிரி வரை என்று பார்த்தே வாங்க வேண்டும்.

சிலர் காற்றுத் தொல்லை தீர, பம்பைச் சோலாருக்கு முன்னால் வரத்துக் குழாயில் மாட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வென்ட் வைத்த டேங்க் பம்பு அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதல்ல. தண்ணீர் வென்ட் வழியாகக் கொட்டும், அல்லது டேங்கில் செருகிய, வெயிலை வாங்கும் கண்ணாடிக் குழாய்களின் ரப்பர் வளையங்கள் ஒழுகும், அல்லது டேங்கின் தையல் விடும்.

மேட்டில் தங்கும் காற்று

எங்கும் ஓட்டை இல்லாவிட்டாலும் காற்று சேரும். பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றில் பாதிக்கு மேல் சூடானதும் பிரிந்துவிடும். 200 லிட்டர் டேங்க் ஒரு தடவை சூடானால் ஏறக்குறைய 2 லிட்டர் காற்று வரும். பெரும்பகுதி வென்ட் வழியாகப் போய்விடும். மீதி சுடுதண்ணீர்க் குழாய் எங்கே ஏறி இறங்குகிறதோ அங்கே உட்காரும். மாடித் தரையில் ஓடிய குழாய் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி வெளிப்பக்கம் இறங்கும் இடம்தான் வழக்கமான இருப்பிடம். காலை வெயிலுக்கு முன் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுக் குழாயைத் தொட்டுக்கொண்டே போங்கள். மேடு வரை சூடு, அதற்கு அப்பால் குளிர் என்றால் இடம் தெரிந்துவிட்டது.

சுவரின் அடியில் துளை போட்டுக் குழாயைக் கொண்டுபோய்விட்டால் மேடே இருக்காது. முடியாவிட்டால், பம்பு இல்லாத வீட்டில் மேட்டின் உச்சியில் அரை அங்குலக் குழாய் ஒன்றை ஓவர்ஹெட் டேங்குக்கு மேல் வரை உயர்த்தித் திறந்து விடலாம். தானியங்கி ஏர் வால்வ் போடுவதென்றால் பம்புக்குப் பிந்தைய பக்கத்தில் மட்டும். பம்பின் உறிஞ்சு பக்கத்தில் போட்டால் காற்றை விடுவதற்குப் பதில் அதுவே உள்ளே இழுக்கும்.

பிளம்பர் செய்யும் பின்தள்ளு முறையில் தவறில்லை, இந்த வகைக் காற்றுக்கு அதுவே சரி. ஹேண்ட் ஷவர் வாயை அடைத்து மிக்சரை இரண்டு பக்கமும் 10 நொடி திறந்து மூடுங்கள், மூன்று நான்கு தடவை. பச்சைத் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருந்தால்தான் வேலை செய்யும். வென்ட்டிலிருந்து சுடுதண்ணீர் தெறிக்கும், மாடியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மிக்சரை மூட மறந்துவிடாதீர்கள். மிக்சர் திறந்து ஹேண்ட் ஷவரின் விசையை மட்டும் மூடி வைத்தால், பம்பு அடிக்கும் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய் வழியாக ஏறி வென்ட்டில் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நீராவி விஷயம் சுருக்கம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், பம்பு உறிஞ்சும் இடத்தில் அதற்கும் குறைந்த சூட்டில் ஆவியாகும். ஊருக்குப் போய்விட்டு வந்த கோடை நாளில் பம்பை நிறுத்திவிட்டு இரண்டு பக்கெட் சுடுதண்ணீரை ஈர்ப்பிலேயே விட்டு, டேங்குக்குள் பச்சைத் தண்ணீர் வந்த பிறகு பம்பைப் போடுங்கள்.

வென்ட் வாயை மூடக் கூடாது

ஆவி வருகிறது, தண்ணீர் சொட்டுகிறது, காற்று இழுக்கிறது என்று வென்ட் வாய்க்கு மூடி போட்டவர்கள் உண்டு. மூடியதும் காற்று நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பம்பு அடுத்த தடவை இழுக்கும்போது உள்டேங்கின் மெல்லிய ஸ்டீல் தகடு உள்நோக்கி நசுங்கும். பழுது பார்க்க முடியாது, டேங்கையே மாற்ற வேண்டும். குளவிக் கூடு அடைத்தாலும் இதே கதிதான். வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசு வலை அளவு ஸ்டீல் வலை கட்டி, வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். வென்ட் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது சி.பி.வி.சி.யாக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. ஆவியில் இளகி மடங்கிவிடும். உயரம் ஓவர்ஹெட் டேங்க் நிறைந்து வழியும் மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே.

வேலை முடித்து நிரப்பும்போது

குழாய் மாற்ற டேங்கை வடித்திருந்தால் நிரப்பும் நேரம் முக்கியம். வெயிலில் காய்ந்த வெற்றுக் கண்ணாடிக் குழாய்கள் உள்ளே 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும். காலையிலேயே குழாய்களைத் தடித்த துணியாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டு, இருட்டிய பிறகோ மறுநாள் விடிவதற்கு முன்போ நிரப்புங்கள். வரத்து வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, கீழே எல்லாச் சுடுதண்ணீர்க் குழாய்களையும் திறந்து வையுங்கள். மிகத் தாழ்வான குழாயில் தண்ணீர் சீரானதும் அதை மூடி, அடுத்த மேல் தளத்துக்குப் போங்கள். கடைசியில் வரத்து வால்வை முழுதாகத் திறந்து, மட்டக்குழாயை மறுபடி மாட்டி, வீட்டில் வழக்கமாக ஒரே நேரத்தில் ஓடும் குழாய்களையும் பம்பையும் ஓடவிட்டு அளவெடுங்கள். ஓவர்ஹெட் டேங்க் கால்வாசி இருக்கும்போதும் மட்டம் ஆபத்துக் கோட்டுக்கு 15 செ.மீ. மேலே நின்றால் டியூபைக் கழற்றி, டிரெயின் வால்வை மூடி, பேக்கப் ஹீட்டரின் எம்.சி.பி.யை ஏற்றிவிடலாம்.